மதிய உணவுக் கூட்டத்தில் புற்றுநோய் மருந்து: 20 நிமிட உரைக்குப் பின்னால் இருப்பவை

சேவைச் சங்கங்களின் மதிய உணவுக் கூட்டம் எங்கே நடந்தாலும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில்தான் நடக்கும். தலைவர் மணி அடித்துத் தொடங்கிவைப்பார். செயலாளர் அறிவிப்புகளைப் படிப்பார். சாப்பாட்டுக்கு நடுவிலோ முடிந்த கையோடோ சிறப்பு விருந்தினர் பேசுவார். பேச்சுக்கு 20 நிமிடம், கேள்விகளுக்கு 10 நிமிடம் கிடைத்தால் அதிகம். எல்லோரும் வேலைக்குத் திரும்ப வேண்டும். சாலைப் பாதுகாப்பு, சேமிப்பு, சிறுதொழில் என்று தலைப்புகள் வந்துபோகும். புற்றுநோய் மருந்துகள் தலைப்பாகிற அன்றைக்கு மட்டும் கேள்வி நேரம் போதாது. கூட்டம் முடிந்த பிறகும் பேச்சாளரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அதில் ஒருவர் கையில் மருத்துவ அறிக்கை இருக்கும்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தந்திருக்கும் கணக்குப்படி, 2022-இல் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 97 லட்சம் பேர் இறந்தார்கள். வாழ்நாளில் 5 பேருக்கு ஒருவர் இந்த நோயைச் சந்திக்கிறார். 40 பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் இந்தத் தலைப்பு யாருக்கும் வேற்று விஷயமல்ல.

அந்தக் கேள்வி நேரத்தில் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு: "புற்றுநோய்க்கு மருந்து எப்போது வரும், டாக்டர்?" நல்ல மனதோடு கேட்கப்படுகிற கேள்விதான். ஆனால் பதில் சொல்ல முடியாத கேள்வி. சேவைச் சங்கத்தாரிடமிருந்து இது எழுவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். 1985-இல் ரோட்டரி அமைப்பு போலியோவை ஒழிக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தது. 1988-இல் உலக அளவிலான ஒழிப்பு முயற்சி தொடங்கியபோது, 125 நாடுகளில் ஆண்டுக்கு 3,50,000 குழந்தைகள் வரை போலியோவால் முடங்கிக்கொண்டிருந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. ஒரு நோய், ஒரு தடுப்பு மருந்து, வாயில் சொட்டு விட ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் என்ற வழி வெற்றி பெற்றதைச் சங்கத்தார் தங்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள். அடுத்தது புற்றுநோய்தானே என்று அவர்கள் எதிர்பார்ப்பது இயல்பு.

போலியோவுக்கு வெளியிலிருந்து வரும் ஒரு வைரஸ் காரணம். புற்றுநோய் என்பதோ நம் உடலின் செல்களே கட்டுப்பாட்டை இழந்து பெருகுவதால் வரும் நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களின் பொதுப்பெயர். குழந்தைக்கு வரும் ரத்தப் புற்றுநோயும் 60 வயதில் வரும் கணையப் புற்றுநோயும் பெயரில்தான் உறவு. பிறப்பும் போக்கும் வேறு, மருந்தும் வேறு. மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் அழைப்பதற்குள்ளேயே மருந்தைப் பொறுத்தவரை மூன்று நான்கு வகைகள் இருக்கின்றன. ஆகவே "எந்தப் புற்றுநோய், எந்த நிலையில், எந்த மருந்து, அது என்ன தரும்" என்று நான்காகப் பிரித்துக் கேட்டால்தான் பேச்சாளரால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

புற்றுநோய் மருந்தின் தொடக்கக் கதையிலேயே ஒரு சேவைச் சங்கம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்கூறியல் மருத்துவராக இருந்தவர் சிட்னி ஃபார்பர். ரத்தப் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் திசுக்களை ஆராய்வது அவர் வேலை. அந்த நாளில் அந்த நோய் வந்த குழந்தை சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் இறந்துவிடும். செல்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. அதைப் போலவே தோற்றம் கொண்டு, ஆனால் அதன் வேலையைத் தடுக்கும் ஒரு பொருளைக் கொடுத்தால் புற்றுச் செல்கள் பெருக முடியாமல் போகுமா என்று ஃபார்பர் யோசித்தார். அப்படிப்பட்ட பொருள்களைத் தயாரித்து அவருக்கு அனுப்பியது லெடர்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. பீமாவரத்தில் பிறந்து அமெரிக்கா போன உயிர்வேதியியலாளர் அவர்.

1947 டிசம்பர் கடைசியில் அமினோப்டெரின் என்ற மருந்து முதல் குழந்தைக்குச் செலுத்தப்பட்டது. மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. 1948 ஜூனில் அந்த முடிவுகள் வெளியாயின. பின்வாங்கிய நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் வாயால் உட்கொள்கிற, ஊசியில் போடுகிற ஒரு வேதிப்பொருளால் இந்த நோயைத் தள்ளிப்போட முடியும் என்பது அன்றுவரை பெரும்பாலான மருத்துவர்கள் நம்பாத ஒன்று. சுப்பாராவ் அதே 1948-இல் இறந்துபோனார். தான் தொடங்கிவைத்தது எவ்வளவு பெரியது என்று பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. அமினோப்டெரினுக்கு நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் குழந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஃபார்பருக்குத் தேவைப்பட்ட பணம்தான் சங்கத்தை உள்ளே கொண்டுவந்தது. திரையரங்கு நடத்துபவர்களும் கலைத்துறையினரும் சேர்ந்து அமைத்த வெரைட்டி கிளப் என்ற சேவை அமைப்பின் நியூ இங்கிலாந்துக் கிளை அவரோடு கைகோத்தது. 1948 மே 22 அன்று, ஃபார்பரிடம் சிகிச்சை பெற்றுவந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனை மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே தேசிய வானொலியில் பேசவைத்தார்கள். அவன் உண்மைப் பெயரை மறைத்து ஜிம்மி என்று அழைத்தார்கள். பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணியினர் அவன் அறைக்கே வந்தார்கள். புற்றுநோய் ஆய்வுக்கு 20,000 டாலர் சேர்ந்தால், அவன் ஆட்டம் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி தருவோம் என்பது வாக்கு. சேர்ந்தது 2,00,000 டாலருக்கு மேல். ஜிம்மி ஃபண்ட் அப்படித் தொடங்கியதுதான். அந்த நிதியில் எழுந்த ஆய்வகம்தான் வளர்ந்து இன்றைய டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையமாக நிற்கிறது. அந்தச் சிறுவன் பிழைத்தான். ஐனார் குஸ்டாஃப்சன் என்ற அவன் பெயர் அரை நூற்றாண்டு கழித்து 1998-இல்தான் ஊருக்குத் தெரிந்தது. லாரி ஓட்டிப் பிழைத்து, குடும்பம் வளர்த்து, 2001-இல் காலமானார்.

சங்கக் கூட்டத்தில் பேசும் மருத்துவர்கள் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. மருந்தை விஞ்ஞானிகள் மட்டும் உருவாக்குவதில்லை. அதற்கான நேரத்தையும் இடத்தையும் பணத்தையும் பொதுமக்கள் தந்த தருணங்கள் உண்டு.

ஃபார்பர் பயன்படுத்திய வகை மருந்தைத்தான் இன்று கீமோ என்கிறோம். வேகமாகப் பெருகும் செல்லைத் தேடி அடிப்பது அதன் குணம். அது புற்றுச் செல்லா, நல்ல செல்லா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. முடியின் வேர், வாய் மற்றும் குடலின் உட்படலம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் உள்ள செல்களும் வேகமாகப் பெருகுபவை. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன. இந்த இடங்களில் பெரும்பாலும் நல்ல செல்கள் மறுபடி முளைத்துவிடும். மருந்துக்கும் மருந்துக்கும் இடையே இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுவது அதற்காகத்தான். கீமோ என்றாலே வாந்தி என்ற பயமும் பழைய காலத்தது. 1991-இல் ஒண்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்து வந்த பிறகு அந்த அனுபவம் வெகுவாக மாறிவிட்டது. சிகிச்சைக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் அரங்கில் இருக்கலாம். இந்த ஒரு தகவலையாவது பேச்சாளர் தவறவிடக் கூடாது.

ஒரே மருந்து தந்தால் நோய் திரும்பிவருகிறது என்பதை ஃபார்பர் அனுபவம் காட்டியது. கோடிக்கணக்கான புற்றுச் செல்களில் சில அந்த மருந்துக்கு அசைந்துகொடுக்காதவையாக இருக்கும். மற்றவை செத்ததும் இவை பெருகும். அதற்கு விடையாக, வெவ்வேறு வழியில் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை 1960-களில் வந்தது. எமில் ஃபிரை, எமில் ஃபிரைரைக் என்ற இரு மருத்துவர்கள் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல், மருந்து எளிதில் எட்டாத மூளைப் பகுதிக்கும் தனியாகச் சிகிச்சை தந்தார். 1960-களின் தொடக்கத்தில் நூறில் நாலைந்து குழந்தைகள் மட்டுமே தப்பிய ஒரு நோயில், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறக்குறையப் பாதிப்பேர் குணமாகத் தொடங்கினார்கள். இன்று வளமான நாடுகளில் இவ்வகை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 90 சதவீதம் பேர் பிழைக்கிறார்கள். இந்த உயர்வின் பெரும்பகுதிக்குக் காரணம், பழைய மருந்துகளையே சரியான அளவில், சரியான வரிசையில், விடாமல் கொடுக்கக் கற்றுக்கொண்டதுதான். புதிய அதிசய மருந்து ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை. கட்டுரை முழுவதிலும் ஒரே ஒரு செய்தியை நினைவில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அந்த நான்கு மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. இதைப் பேச்சாளர் சொன்னவுடன் அரங்கில் ஒரு கை உயரும்: "அப்படியானால் அந்த இலையையே அரைத்துச் சாப்பிடலாமா?" கூடவே கூடாது. வின்கிறிஸ்டின் நரம்புகளைப் பாதிக்கக்கூடிய கடுமையான மருந்து. பெரியவர்களுக்குக்கூட ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை. ரத்தக் குழாய் வழியாகச் செல்லும்போது காப்பாற்றும் அதே மருந்து, தவறுதலாக முதுகுத்தண்டு நீருக்குள் போனால் உயிரைப் பறித்துவிடும். இலையில் எவ்வளவு இருக்கிறது, வேறு என்னென்ன நச்சு இருக்கிறது என்று யாராலும் அளந்து சாப்பிட முடியாது. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த பாக்லிடாக்சலுக்கும் இதே நியாயம்தான். 1962-இல் பட்டை சேகரிக்கப்பட்டது. மருந்தாக ஒப்புதல் கிடைத்தது 1992-இல். இடைப்பட்ட 30 ஆண்டுகள் பட்டையிலிருந்து மருந்தைப் பிரிப்பதிலும், அதன் அமைப்பைக் கண்டுபிடிப்பதிலும், அளவை முடிவுசெய்வதிலும் போயின. இயற்கை தந்த பொருளை மருந்தாக்கியது அந்த உழைப்புதான். சிகிச்சையில் இருப்பவர்கள் தாங்களாகவே மூலிகைகளைச் சேர்த்துக்கொள்வதிலும் ஆபத்து உண்டு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இமாட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரையை உடல் விரைவாக வெளியேற்றும்படி செய்து அதன் வேலையைக் குறைத்துவிடுகிறது.

இமாட்டினிப் என்ற பெயர் உரையில் கட்டாயம் வரும். வர வேண்டும். 1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் ஒன்றில் வழக்கத்துக்கு மாறாகக் குறுகிய குரோமோசோம் இருப்பதைப் பார்த்தார்கள். 1973-இல் ஜேனட் ரவுலி, அது 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த விளைவு என்று கண்டார். அந்த இடமாற்றத்தில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, செல்லை ஓயாமல் பெருகச் சொல்லும் ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புரதத்தை மட்டும் முடக்கினால் என்ன? 1998-இல் மருத்துவர் பிரையன் டிரூக்கர், அப்படி முடக்கும் இமாட்டினிப் மாத்திரையை நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கினார். வேறு சிகிச்சை பலிக்காமல் போய், போதிய அளவில் இந்த மாத்திரை பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் ஒப்புதல் கிடைத்தது. சில ஆண்டுகளில் உயிரைக் கொண்டுபோன நோய், தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற நோயாக மாறியது. முதல் சிகிச்சையாகவே இதைப் பெற்றவர்களில் ஏறக்குறைய 83 சதவீதம் பேர் 10 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள்.

இந்தக் கதை உண்மை. ஆனால் இதையே எல்லாப் புற்றுநோய்க்கும் பொருத்திப் பார்த்துதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இமாட்டினிப் தாக்கும் நோயில், பழுது பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது. நுரையீரலிலும் கணையத்திலும் வரும் கட்டிகளில் பல இடங்களில் பழுது இருக்கும். ஒரு கதவை அடைத்தால் செல் இன்னொரு கதவைத் திறந்துகொள்ளும். இப்படி ஒரு பழுதைக் குறிவைக்கும் இலக்கு மருந்துகள் அங்கே பல மாதங்கள், சிலருக்குச் சில ஆண்டுகள் தருகின்றன. பிறகு வேறு மருந்து தேட வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. இலக்கு இருந்தால்தான் இலக்கு மருந்து வேலை செய்யும். டிராஸ்டுசுமாப் என்ற மருந்து மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக உள்ள 15 முதல் 20 சதவீதம் பேருக்கானது. மற்றவர்களுக்கு அதனால் பயன் எதிர்பார்க்க முடியாது. யாருக்கு இருக்கிறது என்று தெரிய, கட்டியிலிருந்து சிறு திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும் நல்ல ஆய்வகமும் வேண்டும். மருந்தை வாங்கித் தருகிறோம் என்று முன்வரும் சங்கங்கள், அந்தப் பரிசோதனை நடக்க வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

நோயெதிர்ப்புச் சிகிச்சை பற்றிப் பேசும்போது ஜிம்மி கார்ட்டர் பெயர் வராமல் போகாது. அமெரிக்க அதிபராவதற்கு முன் லயன்ஸ் சங்கத்தில் மாவட்ட ஆளுநராக இருந்தவர் என்பதால் சங்கத்தார் அவரைத் தம்மில் ஒருவராகவே பார்ப்பார்கள். 2015-இல், 90 வயதில், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அவருடைய கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது தெரிந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கூடவே பெம்புரோலிசுமாப் என்ற மருந்து. அந்த ஆண்டு முடிவதற்குள் நோயின் அடையாளம் தெரியவில்லை என்றார். 2024 டிசம்பரில் 100 வயதில்தான் இறந்தார். இந்த வகை மருந்து புற்றுச் செல்லை நேரடியாகத் தொடுவதில்லை. நம் நோயெதிர்ப்புச் செல்கள் அளவுமீறிப் போகாமலிருக்க இயற்கையாகவே அவற்றில் தடைகள் உண்டு. புற்றுச் செல்கள் அந்தத் தடையைப் பயன்படுத்தி ஒளிந்துகொள்கின்றன. மருந்து அந்தத் தடையை நீக்குகிறது. இதற்கு அடிப்படை அமைத்த ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. தடை நீங்கிய நோயெதிர்ப்பு மண்டலம் சிலரிடம் தைராய்டையோ குடலையோ நுரையீரலையோ தாக்கிவிடுவதும் உண்டு. முடி கொட்டவில்லை என்பதால் இதை மென்மையான மருந்து என்று எண்ணிவிடக் கூடாது.

உரையில் வரும் எண்களை எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதில்தான் சாதாரண மக்கள் தடுமாறுகிறோம். இது கடினமான கணக்கும் அல்ல. டிராஸ்டுசுமாப் மருந்தையே எடுத்துக்கொள்வோம். தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்குப் பின் ஓராண்டு இதைக் கொடுத்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2005-இல் வந்தது. நோய் திரும்பும் அபாயம் 46 சதவீதம் குறைந்தது என்று சொல்லலாம். இரண்டு ஆண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் நூறில் 77 என்பதிலிருந்து 86 ஆக உயர்ந்தார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே ஆய்வின் உண்மைகள். முதலாவதைக் கேட்பவர் பாதிப்பேர் காப்பாற்றப்பட்டார்கள் என்று நினைப்பார். இரண்டாவதைக் கேட்பவர், நூறு பேரில் கூடுதலாக எட்டு ஒன்பது பேருக்கு அந்தக் காலத்துக்குள் பலன் கிடைத்தது, 77 பேர் மருந்து இல்லாமலும் நன்றாகவே இருந்திருப்பார்கள் என்று புரிந்துகொள்வார். நூறில் எட்டு ஒன்பது என்பது பெரிய விஷயம். இந்த மருந்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எண் எதைப் பற்றியது என்று தெரிந்தால்தான் குடும்பம் சரியாக முடிவெடுக்க முடியும்.

நோய் வளராமல் நின்ற காலமும் நோயாளி வாழ்ந்த காலமும் ஒன்றல்ல என்பது இதைவிட முக்கியம். பெவசிசுமாப் என்ற மருந்தின் அனுபவம் இதற்குச் சான்று. பரவிய மார்பகப் புற்றுநோயில், பாக்லிடாக்சலோடு இதைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வில், நோய் வளராமல் நின்ற காலம் ஏறக்குறைய 6 மாதத்திலிருந்து 12 மாதமாக நீண்டது. இரட்டிப்பு! 2008-இல் அமெரிக்காவில் விரைவு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் இரு தரப்பினரும் உயிர் வாழ்ந்த மொத்தக் காலத்தில் உறுதியான வித்தியாசம் இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த ஆறு மாத ஆதாயமும் சுருங்கிப்போனது. ரத்த அழுத்தம், ரத்தக் கசிவு போன்ற பக்க விளைவுகள் மட்டும் நின்றன. 2011 நவம்பரில் மார்பகப் புற்றுநோய்க்கான அந்த ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. வேறு சில புற்றுநோய்களுக்கு அதே மருந்து இன்றும் பயன்படுகிறது. ஆகவே ஒரு புதிய மருந்தைப் பற்றி யாராவது உற்சாகமாகப் பேசினால், "ஆயுள் கூடியதா, நாள்கள் நன்றாகக் கழிந்தனவா" என்று தயங்காமல் கேட்கலாம். நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியை வரவேற்பார்.

சராசரியைப் போலப் பயன்படும் இடைநிலை எண்ணும் சில சமயம் திசை திருப்பிவிடும். பரவிய மெலனோமாவுக்கு இபிலிமுமாப் மருந்தைச் சோதித்த ஆய்வு 2010-இல் வெளியானது. நடுவில் நிற்கும் நோயாளியின் ஆயுள் 6.4 மாதத்திலிருந்து 10.1 மாதமாகக் கூடியது. நாலு மாதம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் நீண்ட காலம் கவனித்தபோது, மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூன்று ஆண்டைத் தாண்டினார். தாண்டியவர்களில் பெரும்பாலோர் அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். நடுவில் இருப்பவரின் எண் அவர்களைக் காட்டுவதே இல்லை. சொந்தக்காரர் ஒருவரைப் பற்றி "இன்னும் இத்தனை மாதம்" என்று கேள்விப்படும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பேச வருபவர் மருந்து நிறுவனத்தில் பணியாற்றுபவராகவோ, நிறுவனத்தின் ஆய்வு நிதி பெறுபவராகவோ இருக்கலாம். அதில் தவறில்லை. மருத்துவ மாநாடுகளில் பேச்சாளர்கள் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுவது வழக்கம். சங்கத் தலைவர் அறிமுகம் செய்யும்போது அதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் மரியாதை.

உரைகளில் அதிகம் இடம் பெறாத ஒன்று, பழைய மருந்துகளின் நிலை. காப்புரிமை முடிந்த மருந்தில் லாபம் குறைவு, தயாரிப்பவர்களும் குறைந்துவிடுவார்கள். 2019-இல் அமெரிக்காவிலேயே வின்கிறிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்தது. தயாரித்துவந்த ஒரு நிறுவனம் நிறுத்திவிட, மற்றொன்றில் தாமதம் ஏற்பட, குழந்தைகளுக்கு வேறு எந்த மருந்தும் ஈடாகாத ஓரிடத்தில் மருத்துவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2023-இல் சிஸ்பிளாட்டினுக்கு அதே கதி. விரைப்புற்றுநோய் பரவிய பிறகும் பெரும்பாலோரைக் குணப்படுத்தும் மருந்து அது. 1978-இலிருந்து புழக்கத்தில் இருப்பது. செல்வந்த நாட்டிலேயே இப்படி என்றால் மற்ற இடங்களைச் சொல்ல வேண்டியதில்லை. வளமான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை. இதற்குத் தாமதமான கண்டறிதலும், மருந்து கிடைக்காததும், சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவதும் காரணங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தொடங்கிய திட்டத்தின் இலக்கு, 2030-க்குள் எல்லா நாடுகளிலும் குறைந்தது 60 சதவீதம் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்பது. செயின்ட் ஜூட் மருத்துவமனையோடு சேர்ந்து, தரமான குழந்தைப் புற்றுநோய் மருந்துகளை நாடுகளுக்கு இலவசமாக அனுப்பும் ஏற்பாட்டை 2021-இல் அறிவித்தது. 2025-இல் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் முதல் மருந்துகள் போய்ச்சேர்ந்தன. லயன்ஸ் அமைப்பும் குழந்தைப் புற்றுநோயைத் தன் உலகளாவிய சேவைத் துறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

போலியோவைப் போல ஒரே வழியில் செய்ய முடிந்த வேலையும் இதில் ஒன்று இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான எச்பிவி வைரஸுக்கு 2006 முதல் தடுப்பூசி உண்டு. 15 வயதுக்குள் 90 சதவீதம் சிறுமிகளுக்கு அது கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் இலக்கு வைத்தது. சொட்டு மருந்து முகாம் நடத்திப் பழகிய கைகளுக்கு இது தெரிந்த வேலை.

மருந்துகளின் பக்கம் வந்தால் சங்கம் செய்யக்கூடியவை வேறு மாதிரியானவை. கீமோவின்போது ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ரத்தக் கசிவு வரலாம்; தட்டணு ஏற்ற வேண்டியிருக்கும். தானமாகப் பெற்ற தட்டணுக்களை ஐந்து நாள், சில முறைகளில் ஏழு நாள் வரைதான் வைத்திருக்க முடியும். ஆண்டுக்கொரு முறை பெரிய ரத்ததான முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வது இதற்குப் போதாது. வாரம் தோறும் இரண்டு மூன்று பேர் முறைவைத்துப் போய்க் கொடுக்கும் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருந்தால், அது ஒரு புற்றுநோய்ப் பிரிவுக்கே தூணாக இருக்கும். மருத்துவமனைக்கு அருகில் தங்க இடமும், வந்துபோகும் செலவும், வேலைக்குப் போக முடியாத தாய்க்கு அந்த மாதக் குடும்பச் செலவும் மருந்துக்குச் சமமானவை. இவை இல்லாததால்தான் பல குடும்பங்கள் பாதியில் விட்டுவிடுகின்றன. பாதியில் நின்ற சிகிச்சை, எதிர்த்துப் பழகிய செல்களை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும்.

இங்கே சங்கங்களின் அமைப்பிலேயே இருக்கும் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். ரோட்டரியிலும் லயன்ஸிலும் தலைவர் பதவி ஓராண்டு. ஜூலை மாதம் புதியவர் வருவார், புதிய திட்டங்கள் வரும். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தையின் சிகிச்சையோ இரண்டு முதல் மூன்று ஆண்டு ஓடும். முதல் சில மாதத்தில் நோய் மறைந்து, குழந்தை ஓடி விளையாடத் தொடங்கிய பிறகும், வீட்டிலிருந்தே மாத்திரை, மாதம் தவறாமல் மருத்துவமனை என்று தொடர வேண்டும். குணமாகிவிட்டது என்று குடும்பம் எண்ணி நிறுத்துவது அந்தக் கட்டத்தில்தான். உதவி செய்த தலைவர் பதவி விலகியிருப்பதும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். ஆகவே உரை கேட்டு மனம் இளகி உடனே ஒரு காசோலை தருவதைவிட, ஒரு குழந்தையின் முழுச் சிகிச்சைக் காலத்துக்குமான தொகையை மூன்றாண்டு வரவுசெலவில் ஒதுக்கி, அடுத்து வரப்போகும் இரு தலைவர்களையும் கையெழுத்திடச் செய்து, அந்தக் குடும்பத்தோடு மாதம் ஒருமுறை பேச ஓர் உறுப்பினரை நியமிப்பது நல்லது. அந்தத் தீர்மானத்தைப் பேச்சாளர் அரங்கில் இருக்கும்போதே கொண்டுவரலாம். எந்த மருத்துவமனைப் பிரிவில், எந்தச் சமூகப் பணியாளரிடம் தொடங்குவது என்று அவரே சொல்லிவிடுவார்.